கடைசி டன் வெட்டும் முன்: சுரங்க மக்களின் நாளைக்கான ஆய்வுக்கு யார் பணம் தருவது?

2020 செப்டம்பர் 30 அன்று நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் மிச்சமிருந்த யூனிட்டுகளும் நிறுத்தப்பட்டன. 1962-ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கி 600 மெகாவாட் வரை வளர்ந்த நிலையம் அது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டின் விசைத்தறிக்கும் பம்புசெட்டுக்கும் மின்சாரம் கொடுத்தது. அதன் இடத்தை 1,000 மெகாவாட் புதிய நிலையம் நிரப்பியதால் ஊருக்குள் பெரிய கலக்கம் இல்லை. பழையது போனது, புதியது வந்தது, சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அது எந்நாளும் ஓடாது. 2070-க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக இந்தியா 2021-ல் கிளாஸ்கோவில் வாக்குக் கொடுத்திருக்கிறது. வாக்கை விட்டுவிட்டாலும், மண்ணுக்கடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரிக்கு ஓர் அளவு உண்டு. சுரங்கம் நிற்கும் நாளில் அதை நம்பி வாழ்ந்தவர்கள் எதைக் கொண்டு பிழைப்பார்கள், தோண்டிய நிலம் என்னவாகும், இறைக்கும் நீர் எங்கே போகும்? இதற்கெல்லாம் பதில் தேட ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை உலகம் எப்படித் திரட்டியது, இந்தியா என்ன செய்தது, தமிழ்நாடு என்ன செய்யலாம் என்பதை ஒருசேரப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துச் செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் நிலக்கரி கிடையாது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகும் ஊர் எதுவும் இல்லை. ஆனாலும் மேலிருந்து வரும் ஓர் ஆணையால் பிழைப்பு மாறிப்போவது எப்படி இருக்கும் என்பதை எங்கள் மாவட்டம் நன்றாக அறியும். அந்த அனுபவம் இந்தக் கேள்விக்கு உதவும் என்பதால் அதையும் பிற்பகுதியில் சேர்த்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாகத் தோன்றுவது இதுதான். ஆய்வுப் பணம் எப்போதும் பொருளைத் தேடிப் போகிறது, அந்தப் பொருளால் வாழும் மனிதரைத் தேடி வருவதில்லை. வரும்போதும் சுரங்கத்தைப் பூட்டியபின்தான் வருகிறது.

நியாயமான மாற்றம் எனும் கோரிக்கை

ஒரு தொழில் மூடும்போது அதை நம்பியவர்களைக் கைவிடக் கூடாது என்ற இந்தக் கோரிக்கை பிறந்தது சுற்றுச்சூழல் மாநாட்டில் அல்ல, தொழிற்சங்கத்தில். அமெரிக்காவின் எண்ணெய், வேதியியல் தொழிலாளர் சங்கத்தின் முன்னணி நிர்வாகி டோனி மசோக்கி அதை எழுப்பினார். நச்சு மண்ணைச் சுத்தம் செய்ய அரசு ஒரு பெருநிதியை வைத்திருக்கும்போது, நச்சுத் தொழில் மூடப்படுவதால் வேலை இழக்கும் மனிதனுக்கு ஏன் ஒரு நிதி கூடாது என்று கேட்டார். 2015-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதே ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலும் தொழிலாளர்களுக்கான நியாயமான மாற்றம் இடம்பெற்றது.

முகவுரையில் இடம் கிடைப்பது வேறு, நிதிநிலை அறிக்கையில் இடம் கிடைப்பது வேறு. நிதி கிடைத்தாலும் அதை எதில் செலவிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். சுரங்க ஊரில் சம்பளப் பட்டியலில் இருப்பவர் எத்தனை, இல்லாதவர் எத்தனை? நிலம் மறுபடி என்ன பயிரைத் தாங்கும்? எந்தத் தொழில் அங்கே வேர்விடும், எது மானியம் நின்றதும் ஓடிவிடும்? இவை தெரியாமல் கொட்டும் பணம் ஒப்பந்ததாரருக்குத்தான் போய்ச் சேரும்.

ஐரோப்பா: நிலக்கரி தானே சேர்த்து வைத்த பணம்

1951-ல் பாரிஸில் கையெழுத்தாகி 1952-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகம்தான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் தாய். வெட்டிய நிலக்கரிக்கும் உருக்கிய எஃகுக்கும் அது நேரடியாகத் தீர்வை வசூலித்தது. ஐம்பதாண்டு ஒப்பந்தம் 2002 ஜூலை 23 அன்று காலாவதியானபோது கையில் பெருந்தொகை மிச்சம் இருந்தது. அதை உறுப்பு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளவில்லை. நிலக்கரி, எஃகு ஆராய்ச்சி நிதி என்று தனி நிதியமாக வைத்து, அதன் வருமானத்தில் ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தன.

தொடக்கத்தில் இந்த நிதியின் நிலக்கரிப் பங்கு நிலக்கரியை இன்னும் நன்றாக வெட்டவும் எரிக்கவும்தான் போனது. 2021-ல் விதிகளைத் திருத்தினார்கள். மூடிய, மூடப்போகும் சுரங்கப் பகுதிகளின் நியாயமான மாற்றம், சுரங்கத் தொழிலாளரின் உடல்நலம், சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைத்தல் ஆகியவை நிலக்கரி ஆய்வின் நோக்கங்களாயின. 2027 வரை ஆண்டுக்கு 11.1 கோடி யூரோ. அதில் 27.2 சதவீதம் நிலக்கரிப் பகுதிகளுக்கு, மீதி எஃகுக்கு. கைவிட்ட சுரங்கத்தில் ஏறும் நீர், கசியும் மீத்தேன், குவித்த மண்மேடு, சுரங்க நீரின் வெப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது ஆகியவை இதில் வரும் ஆய்வுப் பொருள்கள்.

இந்த ஏற்பாட்டின் பலம், பணம் நிலக்கரியிலிருந்தே வந்தது, வேறெதற்கும் திருப்பப்படவில்லை என்பது. பலவீனம், அதன் பெரும்பகுதி பொறியியல் கேள்விகளுக்கே போவது. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் வருமானம் அந்தப் பட்டியலில் எளிதில் ஏறாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டவே 2021-ல் 1,750 கோடி யூரோ மதிப்பில் நியாயமான மாற்ற நிதி தனியே உருவானது. ஒவ்வொரு பகுதியும் தன் மாற்றத் திட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்தால்தான் அதில் பணம் கிடைக்கும்.

ஜெர்மனியின் ரூர் பகுதி இன்னொரு பாடம். அங்கே நிலக்கரி நெருக்கடி தொடங்கியது 1958-ல். கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கமான பாட்ரோப் ஊரின் பிராஸ்பர்-ஹானியல் மூடியது 2018 டிசம்பரில். இடையே அறுபது ஆண்டு. அந்த அறுபதாண்டின் தொடக்கத்திலேயே, 1965-ல், போக்கும் நகரில் ரூர் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். சுரங்கக்காரர் பிள்ளைகள் ஊரிலேயே படிக்கலாம் என்ற நிலை வந்தது. கல்வியும் மருத்துவமும் ஆராய்ச்சியும் மெல்ல மெல்ல அந்தப் பகுதியின் பெரிய வேலைவாய்ப்புகளாயின. இன்றும் ரூரில் மூடிய சுரங்கங்களிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் நிலத்தடி நீர் மாசடையும், தாழ்ந்துபோன ஊர்கள் நீரில் நிற்கும். அந்த முடிவில்லாச் செலவை ஏற்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை 2007-ல் நிறுவப்பட்டது.

கிழக்கே லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரிப் பகுதி, நம் நெய்வேலிக்கு உறவு போன்றது. 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்த 2020-ல் ஜெர்மனி சட்டம் இயற்றியபோது, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அதிலிருந்து கோர்லிட்ஸ் நகரில் வானியற்பியல் ஆய்வு மையம் ஒன்று வருகிறது. மண்வாரி இயந்திரம் ஓட்டியவருக்கு வானியற்பியல் மையத்தில் என்ன வேலை என்று அங்கேயும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவருக்கு இல்லாவிட்டாலும் அவர் பேத்திக்கு உண்டு என்பது போக்கும் காட்டிய விடை. ஆனால் பேத்தி படித்து முடிக்கும்வரை தாத்தாவுக்கு யார் பதில் சொல்வது? அதற்கு வேறு ஆய்வு வேண்டும்.

பிரிட்டன் அந்த ஆய்வைத் தாமதமாகச் செய்தது. 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் மளமளவென்று மூடப்பட்டன. சுரங்கப் பகுதிகளின் மறுவாழ்வுக்கான அறக்கட்டளை 1999-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அரசின் வேலையில்லாதோர் கணக்கு அங்கே பெரிதாக ஏறவில்லை. எல்லோருக்கும் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று அதைப் படித்தவர்கள் நினைத்திருக்கலாம். ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் ஃபாதர்கில் ஆகியோரின் ஆய்வுகள் உண்மையைக் காட்டின. வேலை இழந்த ஆண்களில் ஏராளமானோர் நோயாளி உதவித்தொகைக்குப் போய்விட்டார்கள். அதனால் வேலையில்லாதோர் பட்டியலில் அவர்கள் வரவே இல்லை. பிரம்மாண்ட ஆய்வகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கையும் உதவித்தொகைப் பதிவேட்டையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய உண்மையைத் தருவது இத்தகைய ஆய்வுதான். மிகக் குறைவாகப் பணம் கிடைப்பதும் இதற்குத்தான்.

அமெரிக்கா 1977-ல் ஒரு சட்டத்தின் மூலம் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கட்டணம் விதித்து, கைவிட்ட சுரங்க நிலங்களைச் சீரமைக்கும் நிதியை உருவாக்கியது. வெட்டும் காலத்திலேயே பிடித்துவைப்பது என்ற கொள்கை, அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஒன்றுபோல இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியா: பணம் வந்தது, வேறு வழியே போனது

நம்மிடமும் அந்தக் கொள்கை இருந்தது. 2010-ல் மத்திய அரசு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் செஸ் விதித்தது. 2016-க்குள் அது 400 ரூபாயானது. தேசியத் தூய எரிசக்தி நிதிக்கு என்று சொல்லி வசூலித்த பணம். தூய எரிசக்தி ஆராய்ச்சிக்கு உதவுவது அந்த நிதியின் அறிவித்த நோக்கங்களில் ஒன்று. 2010-11 முதல் 2017-18 வரை திரண்டது சுமார் 86,000 கோடி ரூபாய். நிதிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,900 கோடி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த வசூல், மாநிலங்களுக்கு வரியிழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறிவிட்டது. ஐரோப்பா ஐம்பதாண்டுத் தீர்வையின் மிச்சத்தைப் பத்திரப்படுத்தி ஆய்வு நிதியாக்கியது. நாம் எட்டாண்டு செஸ்ஸை அரசின் பொதுக் கணக்கில் கரைத்தோம். நிலக்கரி மாவட்டங்களுக்கு இழைத்த பெரிய அநீதி இது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, 2015-ல் கனிமச் சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை. சுரங்க நிறுவனம் கட்டும் ராயல்டியின் மேல் ஒரு பங்கு அந்த மாவட்டத்துக்கே வருகிறது. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு முன்னுரிமை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல மாவட்டங்களில் அது கட்டடமாகவும் சாலையாகவுமே முடிகிறது. சுரங்கம் போனபின் என்ன என்பதற்கான ஆய்வுக்கு அதில் ஒரு பங்கைப் பிரித்துவைக்கும் வழக்கம் ஊன்றவில்லை.

மூன்றாவது, சுரங்க மூடல் வைப்புத்தொகை. நிலக்கரி அமைச்சகத்தின் 2009 வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு சுரங்கமும் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் கட்ட வேண்டும். நெடுங்காலம் இது குழியை நிரப்புவது, மரம் நடுவது, வேலி போடுவது என்ற அளவிலேயே நின்றது. 2025 ஜனவரியில் வந்த திருத்திய வழிகாட்டுதலில் சமூக மேம்பாடும் நியாயமான மாற்றமும் இடம்பிடித்திருக்கின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றம். அந்த வாசகம் நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதை இனிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, நேரடி ஆராய்ச்சி மானியம். நிலக்கரி அமைச்சகத்தின் அறிவியல் தொழில்நுட்பத் திட்டத்தை ராஞ்சியில் உள்ள மத்திய சுரங்கத் திட்ட வடிவமைப்பு நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. உற்பத்தி, பாதுகாப்பு, நிலக்கரி சுத்திகரிப்பு, சுற்றுச்சூழல் ஆகியவை அதன் வழக்கமான தலைப்புகள். 2023-ல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவிப்பு. அதில் 36,000 கோடி அரசு சாரா வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. தனியார் பணம் லாபம் தரும் கண்டுபிடிப்பைத் தேடிப் போகும். மூடிய சுரங்கத்தின் கூலியாளைப் பற்றிய ஆய்வில் யாருக்கு என்ன லாபம்? அங்கே அரசுதான் நிற்க வேண்டும்.

மாநிலங்களில் ஜார்க்கண்ட் 2022-ல் நியாயமான மாற்றத்துக்கென ஒரு பணிக்குழுவை அமைத்து முன்னே சென்றது. ராம்கர், கோர்பா, அங்குல் போன்ற மாவட்டங்களில் கிராமம் கிராமமாகச் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் ஐஃபாரஸ்ட் போன்ற தன்னார்வ ஆய்வு நிறுவனங்களின் உழைப்பு. அரசின் வேலையை அவர்கள் செய்தார்கள்.

கோலார்: தமிழர் பார்த்த மூடல்

சுரங்கம் திடீரென மூடினால் என்ன ஆகும் என்பதை அறியத் தமிழர்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். கோலார் தங்கவயலுக்குப் போனால் போதும். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித் மக்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

அறிவியல் அந்தச் சுரங்கத்தைப் புறக்கணித்தது என்று சொல்ல முடியாது. 1965-ல் அதன் ஆழத்தில்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டது. உலக இயற்பியலில் பேர் வாங்கிய சாதனை. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கேதான் தொடங்கியது. ஆழத்துக்கும் பாறைக்கும் துகளுக்கும் ஆய்வுப் பணம் வந்தது. லைன் வீட்டில் குடியிருந்தவர்களின் நாளைய பிழைப்பு என்ன என்ற கேள்விக்கு அப்படியொரு நிறுவனம் எழும்பவில்லை. அதன் விலையை விடிகாலை ரயிலில் பார்க்கலாம். பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் மக்களால்தான் அந்த ஊர் இன்று பிழைக்கிறது. சயனைடு மண்மேடுகள் காற்றடித்தால் புழுதி கிளப்பிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

நெய்வேலி: கிட்டப் போய்ப் பார்த்தால்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் துளையிட்ட கிணற்றிலிருந்து கறுப்பாய் ஏதோ வந்ததில் தொடங்குகிறது நெய்வேலிக் கதை. 1956-ல் நெய்வேலிக்கென அரசு நிறுவனம், 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரிப் படுகை. இன்று ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல் வெட்டும் சுரங்கங்கள்.

ஒரு டன் எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். முந்திரி விளைந்த செம்மண், அதன்கீழ் மணற்கல், களிமண், அப்புறம் கரி. கரிக்கும் கீழே அழுத்தத்தோடு காத்திருக்கும் ஊற்றுநீர். அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கும். அப்படி இறைத்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் போகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி போன்ற பாசன ஏரிகளுக்கும் சேர்ந்து நெல் வயல்களில் பாய்கிறது. ஒருபக்கம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கிணறு வற்றிவிட்டது என்ற குமுறல். இன்னொரு பக்கம் சுரங்க நீரை நம்பிய கடைமடைப் பாசனம்.

பம்புகளை நிறுத்தும் நாளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊற்றுநீர் மட்டம் ஏறும். எந்த ஊரில், எவ்வளவு வேகத்தில், எப்படிப்பட்ட நீராக? ஏரிக்கு வந்த நீர் நின்றால் அந்த ஆயக்கட்டு என்ன பயிர் வைக்கும்? ரூரைப் போல நெய்வேலிக்கும் முடிவில்லாச் செலவு ஒன்று காத்திருக்கிறதா? இதை ஆராயப் பத்துப் பதினைந்து ஆண்டு நீர்மட்டப் பதிவும், நிறுவனத்தைச் சாராத நீரியலாளர்களும் வேண்டும். மூடிய பிறகு தொடங்கினால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கார்டு எனப்படும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சுரங்க மண்மேட்டைப் பயிர்நிலமாக்குவது, பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் எடுப்பது, சாம்பலைப் பயன்படுத்துவது என்று உருப்படியான வேலைகள் அங்கே நடந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் தன்னால் ஏற்பட்ட பாதிப்பைத் தானே அளந்து சொல்லும் பொறுப்பை எந்த நிறுவனத்திடமும் முழுதாக விட முடியாது. 2023-ல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சுற்றுவட்டாரத்தின் நீரையும் மண்ணையும் சோதித்து மாசு பற்றி அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சில மாதிரிகளைக் கொண்டு தன்னார்வலர்கள் செய்த வேலை அது. முறையான நிதியோடு ஆண்டுக்கணக்கில் நடந்தால் எவ்வளவு தெரியவரும்!

மனிதர்களைப் பற்றிய ஆய்வு இதைவிட அவசரம். நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளி உண்டு, கூட்டுறவுச் சொசைட்டித் தொழிலாளி உண்டு, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர் உண்டு. நிரந்தர வேலைக்காக ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு பற்றிப் பேச ஒரு பத்திரமாவது இருக்கிறது. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கும் முந்திரி பொறுக்கியவருக்கும் எந்தத் தாளும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது நாடே பதறியது. அந்த வயலில் கூலிக்குப் போன பெண்களின் அடுத்த ஆறு மாத வருமானம் என்ன ஆனது? இதைப் பதிவுசெய்வதற்கென்றே ஓர் ஆய்வு நிதி இருந்திருக்க வேண்டும்.

செண்பகத்தோப்பும் சிவகாசியும்

இனி, முன்பு சொன்ன எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. வனத்துறைச் சோதனைச் சாவடி, பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு, காட்டழகர் கோயிலுக்கு ஏறும் பாதை. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களின் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகமானது. அணிலும் புலியும் காக்கப்பட வேண்டியவை, இதில் இரண்டாம் கருத்து இல்லை.

இங்கே நடந்த ஆய்வு பெருமைக்குரியது. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, பின்னர் நாடறிந்த வனவிலங்கு அறிஞரான ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் ஜஸ்டஸ் ஜோஷுவாவும் அழகர்கோயில் பள்ளத்தாக்கில் இந்த அணிலைப் பற்றிச் செய்த ஆய்வு 1994-ல் உலகத் தரம் வாய்ந்த இதழில் வந்தது. மேய்ச்சலும் விறகுவெட்டும் போன்ற இடையூறுகள் அணிலை எப்படிப் பாதிக்கின்றன என்பது அதன் கேள்வி. உயிரியலாளர் கேட்க வேண்டிய கேள்விதான். அதன் மறுபாதி, காடு காக்கப்படும்போது விறகுக்கட்டுச் சுமந்தவர் எதைக் கொண்டு பிழைப்பார் என்பது. அதைக் கேட்க இன்னொரு ஆய்வாளரும் இன்னொரு மானியமும் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும், நீதிமன்ற இடைக்கால ஆணையால் 2016 வரை தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. வாழ்வாதாரம் மாறிய அந்த ஆண்டுகளின் கணக்கு பளியர் வீடுகளில் இருக்கிறது, கோப்புகளில் இல்லை.

கிழக்கே சிவகாசி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்து பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரசுப் பணத்தில் புதிய கலவைகளை உருவாக்கியது. சிவகாசியிலேயே பரிசோதனைக் கூடமும் வந்தது. ஆய்வு வேகமாக நடக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த ஆணைக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, திரி சுற்றியவரும் மருந்து நிரப்பியவரும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது அந்த ஆய்வின் கேள்வியாக இருக்கவில்லை. புகை எவ்வளவு குறைந்தது என்று அளந்தோம். கூலி எவ்வளவு குறைந்தது என்று அளக்கவில்லை.

கோலாரிலும் செண்பகத்தோப்பிலும் சிவகாசியிலும் ஆய்வு நடந்தது, நன்றாகவே நடந்தது. பணம் கொடுத்தவர் என்ன கேட்டாரோ அதற்குப் பதில் வந்தது. ஆகவே எவ்வளவு பணம் என்பதோடு, கேள்வியைத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நிதி கரியிலிருந்தே வர வேண்டும். நெய்வேலியின் உற்பத்தியை ஆண்டுக்கு இரண்டு கோடி டன் என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும், டன்னுக்குப் பத்து ரூபாய் பிடித்தால் ஆண்டுக்கு இருபது கோடி. பத்தாண்டில் இருநூறு கோடி. மின்கட்டணத்தில் இது கண்ணுக்கே தெரியாது. நிலக்கரி செஸ்ஸுக்கு நேர்ந்தது நேராமலிருக்க, இதைப் பொதுக் கணக்கில் சேர்க்காத தனி அறக்கட்டளையாக்க வேண்டும்.

இரண்டாவது, நிதியின் சாவி நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேளாண்மை, கடலுயிரியல், சமூக அறிவியல் எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தில். ஆய்வை அங்கே நிலைநிறுத்தலாம். என்ன ஆராய்வது என்று தீர்மானிக்கும் குழுவில் ஊராட்சித் தலைவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கமும் விவசாயக் கூலிப் பெண்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும், பார்வையாளராக அல்ல.

மூன்றாவது, முதல் பணம் ஒரு கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். சுரங்கத்தால் யார் யார் வாழ்கிறார்கள் என்ற முழுப் பட்டியல், நிரந்தர ஊழியரிலிருந்து டீக்கடைக்காரர்வரை, நிலம் இழந்த குடும்பத்திலிருந்து நிலமே இல்லாத குடும்பம்வரை. பிரிட்டன் சுரங்கங்களை மூடிய பிறகு எடுத்ததை நாம் மூடுவதற்கு முன்னரே எடுத்துவிடலாம்.

நான்காவது, நீர்மட்டத்தையும் மண்ணையும் தொடர்ந்து அளக்கும் வேலைக்கு அந்த ஊர்களின் டிப்ளமோ, பட்டதாரி இளைஞர்களையே அமர்த்த வேண்டும். ஆய்வு நிதி அந்த மண்ணில் வேலையாகவும் விளையட்டும்.

ஐந்தாவது, முடிவுகள் தமிழில் வந்து கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். தன் கிணற்றைப் பற்றிய அறிக்கையை விவசாயி தானே படித்துக் கேள்வி கேட்க முடியாவிட்டால் அந்த ஆய்வு பாதிதான் முடிந்தது.

இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது, இப்போது மூடுவதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ரூருக்கு அறுபதாண்டு தேவைப்பட்டது என்பதே அதற்கு விடை. நெருக்கடி வந்த ஏழாம் ஆண்டில் அவர்கள் பல்கலைக்கழகத்தைத் திறந்தார்கள். அந்த நிதானம் நமக்கு வேண்டுமென்றால் சுரங்கம் லாபம் தரும் இந்த நாட்களிலேயே தொடங்க வேண்டும். மூடிய சுரங்கத்திடம் யாரும் தீர்வை கேட்க முடியாது.

தமிழ்நாடு 2021-ல் பசுமைக் காலநிலை நிறுவனத்தை அமைத்தது. டெல்டாவில் புதிய நிலக்கரி ஏலங்களை 2023-ல் எதிர்த்து விலக்க வைத்தும் காட்டியது. புதிய சுரங்கம் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மாநிலம், பழைய சுரங்கத்தின் மக்களுக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்துக்கு நியாயமான மாற்ற ஆய்வு நிதி ஒன்றை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே மாநில அரசு அறிவிக்கட்டும், மத்திய அரசும் நிறுவனமும் தங்கள் பங்கைச் செலுத்தட்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்துபவர்களிடம் இதைக் கேட்பது கடலூர் மக்களின் வேலை மட்டுமல்ல. நெய்வேலி மின்சாரத்தில் விளக்கேற்றிய ஒவ்வொருவரின் கடமையும்தான்.